அந்த ஒரு தளம் மட்டும்

அத்தியாயம் 14

புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்குள் பொன்செல்வி அந்த முகவரியைப் பன்னிரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டாள். பன்னிரண்டு முறையும் திரை வெளுத்து, நடுவில் சாம்பல் நிறத்தில் அதே ஆங்கில வரிதான் வந்தது. இந்தத் தளத்தை அடைய முடியவில்லை. இணைப்பு மறுக்கப்பட்டது.

மற்றதெல்லாம் திறந்தது. மின்கட்டணப் பக்கம் திறந்தது. ரயில் டிக்கெட் பக்கம் திறந்தது. மாமியார் அன்னத்தாய் காலையில் கேட்கும் திருச்செந்தூர் நேரலை தடங்கலில்லாமல் ஓடியது. தத்துக்குப் பதிவு செய்திருந்த அந்த ஒரு தளம் மட்டும் மார்ச் மாதத்திலிருந்து இந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் வரவில்லை.

பதிவு செய்து மூன்று வருடம் ஆகிறது. அதில் இரண்டு வருடத்துக்கு மேல் அவள் தினமும் காலையில் அந்தத் தளத்தைத் திறந்து தங்கள் வரிசை எண்ணைப் பார்த்தவள். எண் குறையக் குறைய, அடுப்படியில் அவள் கை வேகமாக ஓடும். மார்ச்சில் பக்கம் நின்றுபோனபோது, அவர்கள் சர்வர் மாற்றுகிறார்கள் என்று கணவன் மகேஷ்குமார் சொன்னான். அவன் சொன்னால் அவளுக்கு அது போதும்.

ஏப்ரலில் முதல் முறையாக மெயில் வந்தது. ஓர் ஆண் குழந்தை. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் தளத்துக்குள் போய், அந்தக் குழந்தையைத் தங்களுக்கென்று குறித்துவைக்க வேண்டும். தவறினால் குழந்தை வரிசையில் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். இரண்டு நாளும் தளம் திறக்கவில்லை. குழந்தை போய்விட்டது. அந்தக் குழந்தையின் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை.

மொத்தம் மூன்று வாய்ப்பு. இரண்டாவது மெயில் திங்கட்கிழமை மாலை ஐந்து பத்துக்கு வந்தது. ஒரு பெண் குழந்தை என்று மட்டும் இருந்தது. மீதியைத் தளத்தில்தான் பார்க்க வேண்டும். இன்று மாலை ஐந்து பத்தோடு நேரம் முடிகிறது.

மகேஷ்குமாருக்கு அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை. செம்பூரிலிருந்து ஆறே முக்காலுக்குக் கிளம்பினால் திரும்ப ஏழரை ஆகும். இன்றும் அப்படியே கிளம்பினான். சர்வர் டவுனாக இருக்கும், சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான். அவன் வரும்போது நேரம் முடிந்திருக்கும் என்பது இருவருக்குமே தெரியும். அவள் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஹாலில் அன்னத்தாய் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மாமியாரின் குரல் எப்போதும் போல யாருக்கும் சொல்லாததுபோல வந்தது.

"சாமியே வேண்டாங்கு. ரெண்டு தடவ சொல்லியாச்சு. இவதான் கேக்க மாட்டேங்கா. எவ பெத்துப் போட்டதோ, எந்த ஊரு ரத்தமோ. வயித்துல வாங்கி வரலைன்னா கம்ப்யூட்டர்ல வந்துருமா?"

ஏழு வருடமாகப் பொன்செல்வி இதற்கெல்லாம் பதில் சொன்னதில்லை. போனை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தாமலே கீழே இறங்கினாள்.

முதல் மாடியில் ராபியா இருந்தாள். மேலப்பாளையத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்தது தாராவி. ஒரு கம்பெனியின் ஹெல்ப் டெஸ்க் வேலையை வீட்டிலிருந்தே செய்பவள். கம்ப்யூட்டர் மக்கர் செய்கிறது என்று எங்கெங்கிருந்தோ அழைப்பவர்களுக்கு வழி சொல்வதுதான் அவள் பிழைப்பு. பதினொரு மணிக்கு ஷிப்ட். அதுவரை நேரம் இருக்கிறது என்று உள்ளே கூப்பிட்டாள்.

பொன்செல்வி சொல்லச் சொல்ல, ராபியா தன் லேப்டாப்பில் அந்த முகவரியை அடித்தாள். சட்டென்று திறந்தது. மேலே நீலப் பட்டை, அதற்குக் கீழே சிரிக்கும் குழந்தைகள். நான்கு மாதம் கழித்து அந்தப் பக்கத்தைப் பார்த்த பொன்செல்வி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சைட் ஏக்தம் ஓகே அக்கா. உங்க மெஷின்லதான் ஏதோ லஃப்டா, ஏதோ கோளாறு."

ஏப்ரலிலும் இப்படித்தான் திறந்திருக்குமா என்று பொன்செல்வி கேட்டாள். அவள் ஏன் கேட்கிறாள் என்பது ராபியாவுக்குத் தெரியாது. இந்த மாதிரித் தளம் ஒரு மணி நேரம் படுக்கலாம், இரண்டு நாளெல்லாம் படுத்துக் கிடக்காது என்று சாதாரணமாகச் சொன்னாள். பிறகு, உங்கள் போனிலேயே திறந்து குழந்தையைக் குறித்துவிடலாமே என்றாள்.

போனில் பார்க்கலாமா என்று ஏப்ரலிலேயே பொன்செல்வி கேட்டிருந்தாள். கண்ட இடத்தில் திறந்தால் கணக்கு பூட்டிக்கொள்ளும் என்று மகேஷ்குமார் சொல்லியிருந்தான். அதற்குப் பயந்து அவள் போனில் அதைத் தொட்டதே இல்லை. தவிர, பாஸ்வேர்ட் அவனிடம்தான் இருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரில் பக்கம் திறந்தால் அது தானாக வந்து நிரம்பும். புதிதாக வாங்க வேண்டுமென்றால் ஓடிபி அவன் போனுக்குத்தான் போகும். அவன் காலையிலிருந்து போனை எடுக்கவில்லை.

"வாங்க, மேல போவோம்" என்று ராபியா துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அன்னத்தாய் வாசலிலேயே மறித்தாள். வீட்டு விஷயத்தை மாடி மாடியாகக் கொண்டு போகிறாளா என்று மருமகளையும், ஆம்பிளை இல்லாத நேரத்தில் அவன் சாமானைத் தொட இவள் யார் என்று ராபியாவையும் ஒரே மூச்சில் கேட்டாள். ராபியா, ஐந்து நிமிடம்தான் ஆன்ட்டி என்று சொல்லிவிட்டு ஒதுங்கி உள்ளே வந்தாள். பொன்செல்வி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

ராபியா ஒழுங்காக வரிசைப்படி போனாள். முதலில் பொன்செல்வியின் போனை வீட்டு வைஃபையில் போட்டுத் திறக்கச் சொன்னாள். திறந்தது. அப்படியென்றால் நெட்டில் குற்றமில்லை, மோடத்தில் குற்றமில்லை. பிறகு கம்ப்யூட்டரில் வேறொரு பிரவுசரில் போட்டாள். வரவில்லை. தேதியும் மணியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தாள். இருந்தன. கடைசியாக ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து, தளத்தின் பெயரைக் கொடுத்து, அது எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டரையே கேட்டாள். பதிலாக நாலு எண்கள் வந்தன. ராபியா உதட்டைக் கடித்தாள்.

இது எந்த ஊர் எண் என்று பொன்செல்வி கேட்டாள்.

"எந்த ஊரும் இல்லக்கா. இந்த மெஷினோட நம்பரேதான். அந்த சைட்டுக்குப் போன்னு சொன்னா, இது தன்னையே போய்க் கேக்குது. தன்கிட்ட இல்லைன்னு தானே பதிலும் சொல்லிக்குது. இது கெட்டுப்போனதில்ல. யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க."

கம்ப்யூட்டருக்குள் ஒரு சின்ன முகவரிப் பட்டியல் இருக்கும், வெளியே போய்க் கேட்பதற்கு முன்னால் அது அந்தப் பட்டியலைத்தான் பார்க்கும் என்று ராபியா விளக்கினாள். சி டிரைவில் நாலைந்து பெட்டிகளுக்கு உள்ளே போய் அந்தக் கோப்பைத் திறந்து காட்டினாள். 'ஹோஸ்ட்ஸ்' என்று பெயர். மேலே எல்லாம் கம்ப்யூட்டரோடு வந்த வரிகள். அடியில் ஒரே ஒரு வரி தனியாக இருந்தது. அந்த நாலு எண்கள், ஓர் இடைவெளி, அப்புறம் அந்தத் தளத்தின் முழுப் பெயர். ஒரு எழுத்துப் பிசகில்லை.

பொன்செல்வி அந்த வரியை மூன்று முறை வாசித்தாள். இரண்டு நாள் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்த நாற்காலி இது. ஏப்ரலில் இதே நாற்காலியில்தான் அழுதாள்.

வரியை அழித்தால் போதும், தளம் வந்துவிடும். ராபியா அழித்தாள். சேமிக்கப் போனபோது கம்ப்யூட்டர் பாஸ்வேர்ட் கேட்டது. பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டையாவது எடுத்துப் பார்க்கலாம் என்று முயன்றாள். அங்கேயும் அதே கேள்வி. இந்த மெஷினுக்கு பாஸ்வேர்ட் போட்டது யார் என்று கேட்டாள்.

போட்டது மகேஷ்குமாரின் அண்ணன் இசக்கிராஜ். தாராவியில் தொண்ணூறடி ரோட்டில் கம்ப்யூட்டரும் சிசிடிவி கேமராவும் விற்கும் கடை வைத்திருக்கிறான். சான்பாடாவில் வீடு, இரண்டு மகன்கள். பொங்கலுக்கு வந்தபோது இந்தக் கம்ப்யூட்டரைத் துடைத்து எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தவன் அவன். அதே பொங்கலன்று, இலை எடுப்பதற்கு முன்னால், வெளிப்பிள்ளையைக் கொண்டு வந்து அப்பா பேருக்கு வாரிசு என்று நிறுத்தினால் சும்மா இருக்க மாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னவனும் அவன்தான்.

ராபியா அந்தக் கோப்பைப் போனில் படமெடுத்து அனுப்பிவிட்டு ஷிப்டுக்கு இறங்கினாள். பொன்செல்வி மகேஷ்குமாரை மூன்று முறை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. பாஸ்வேர்ட் என்ன என்று செய்தி அனுப்பினாள். பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு கோடும் நீலமாயின. பதில் வரவில்லை.

வேறு வழியில்லாமல் இசக்கிராஜை அழைத்தாள். எதற்கு பாஸ்வேர்ட் என்று அவன் கேட்டான். அவள் மறைக்கவில்லை. கோப்பில் இருந்த வரியைச் சொன்னாள். பாஸ்வேர்ட் தெரிந்தவர்தானே அத்தான் அதை எழுதியிருக்க முடியும் என்றும் சொன்னாள். அவன் லைனைத் துண்டித்தான். திரும்ப அழைத்தபோது எடுக்கவில்லை.

மணி பன்னிரண்டானது. ஒன்றானது. வெளியே மழை அடித்தது. அன்னத்தாய் தனக்கு மட்டும் சோறு போட்டுச் சாப்பிட்டாள். மூத்தவன் மேல் பழி போட்டதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பிள்ளை இல்லாதவளுக்கு, இருக்கிறவன் மேல் எரிச்சல் வருவது உலக வழக்கம்தான் என்று தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள். பொன்செல்வி கம்ப்யூட்டரை விட்டு எழவில்லை.

இரண்டேகாலுக்குக் கதவு தடதடத்தது. இசக்கிராஜ் நனைந்த ரெயின்கோட்டோடு நின்றான். அம்மாவைத் தாண்டி உள்ளே வந்தான். நேரே போய்ப் பொன்செல்வியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றான்.

"எந்திரி."

அவள் எழுந்தாள்.

"நான் இந்தப் புள்ள வேண்டாம்னுதான் சொன்னேன். இப்பயும் சொல்லுதேன். ஆனா உன் மூஞ்சிக்கு நேராச் சொன்னேன். கம்ப்யூட்டருக்குள்ள ஒளிஞ்சு நின்னு சொல்லுத புத்தி எனக்கு இல்ல. கடையில ஆள விட்டுட்டு இத்தன தூரம் வந்தது உனக்காவ இல்ல. என் பேரு கெடக்கூடாதுன்னு வந்தேன்."

உட்கார்ந்தான். கோப்பைத் திறந்து அந்த வரியைப் பார்த்தான். யாராவது தேதியைப் பார்த்தீர்களா என்று கேட்டான். யாரும் பார்க்கவில்லை. கோப்பின் மேல் அம்புக்குறியை வைத்து அழுத்தி, அதன் விவரங்களைத் திறந்தான். கடைசியாக மாற்றியது மார்ச் 7, வெள்ளிக்கிழமை, காலை 10.42.

பொங்கல் முடிந்து ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து. இசக்கிராஜ் திரும்பிப் பார்த்தான்.

அதற்குள் அன்னத்தாய் முன்னால் வந்துவிட்டாள். மூத்த மகன் மேல் பழி விழாமல் காப்பாற்றும் ஆத்திரம் அவளுக்கு.

"ஏழாந்தேதி நாம யாரு இங்கன இருந்தோம்? சாத்தான்குளத்துல கல்யாண வீட்டுலல்லா இருந்தோம். இவன், இவன் பொண்டாட்டி, நானு, இந்தா இவளுந்தான் வந்தா. வீட்டுல..."

வாக்கியம் அங்கேயே நின்றது.

கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொன்னவன் ஒருவன்தான். வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு அம்பர்நாத்தில் இருந்திருக்க வேண்டியவன்.

பாஸ்வேர்டை நான் ஒருத்தனிடம்தான் சொன்னேன் என்றான் இசக்கிராஜ். குரலில் இருந்த சூடு குறைந்துபோயிருந்தது. தன் போனை எடுத்துத் தம்பியை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தான். காலையிலிருந்து பொன்செல்விக்கு எடுக்காத போனை, அண்ணன் எண்ணைப் பார்த்ததும் இரண்டாவது மணியில் எடுத்தான் மகேஷ்குமார்.

"ஏலே, மார்ச்சு ஏழாந்தேதி எங்க இருந்த?"

பின்னால் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. எதற்குக் கேட்கிறாய் என்றான் தம்பி.

"உன் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால இருக்கேன். ஹோஸ்ட்ஸ் ஃபைலத் தெறந்து வச்சிருக்கேன்."

இயந்திரச் சத்தம் மட்டும் கேட்டது. ஏப்ரலில் அவள் அழுதபோது பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தானே, அந்தக் கை அவள் நினைவுக்கு வந்தது. முதுகு கூசியது.

"ஏன்?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து பேசுகிறேன் என்றான். இப்போதே சொல்லுங்கள் என்றாள். அண்ணனும் அம்மாவும் இருக்கிறார்களா என்று கேட்டான். இருக்கிறார்கள் என்றாள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். தாழ்த்தினாலும் ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது.

"புள்ள வந்துட்டா ஊரு பூராக் கேக்கும் செல்வி. ஏன் தத்தெடுத்தீய, யாருக்குக் குறைன்னு. என்னால அத..."

"ஏழு வருசமா கேக்கத்தான செய்யுதாவ. என்னையத்தான் கேக்காவ. நான் யார்ட்டயாவது பதில் சொல்லியிருக்கேனா?"

நான்கு வருடங்களுக்கு முன்பு கிங்ஸ் சர்க்கிளில் ஒரு பஸ் நிறுத்தத்தில், தன்னைப் பரிசோதித்த டாக்டர் கொடுத்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவன் அழுதான். அம்மாவுக்குத் தெரிந்தால் செத்துப்போவேன் என்றான். அவள் சரி என்றாள். அன்றையிலிருந்து வீட்டில் விழுந்த ஒவ்வொரு சொல்லையும் அவள்தான் வாங்கினாள். கோவில் கோவிலாக அவள்தான் சுற்றினாள். கசாயம் எல்லாம் அவள்தான் குடித்தாள்.

அன்னத்தாய் மேசையருகே வந்தாள். போனைப் பார்த்துக் குனிந்தாள்.

"யாருக்குலே குறை?"

போனை இரண்டு விரலால் தன் பக்கம் இழுத்தாள்.

"மகேசு. யாருக்குன்னு கேக்கேன்."

லைன் துண்டிக்கப்பட்டது.

இசக்கிராஜ் யாரையும் பார்க்காமல் போனை எடுத்துப் பையில் போட்டான். அன்னத்தாய் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். அவள் அழுவாள் என்று பொன்செல்வி எதிர்பார்த்தாள். ஒரு மன்னிப்பைக்கூட எதிர்பார்த்திருக்கலாம். அன்னத்தாய் நிமிர்ந்தபோது முகத்தில் பழைய கோபமே இருந்தது.

"அப்ப நீயும்தான மறைச்ச. இத்தன வருசமா என்னையப் பேச விட்டு, வாயப் பொத்திக்கிட்டு வேடிக்க பாத்திருக்க. நான் பாவத்தக் கொட்டிக்கிட்டேன். நீ நல்லவளா இருந்துக்கிட்ட."

பொன்செல்வி கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டு ஐம்பது ஆகியிருந்தது.

பாஸ்வேர்ட் வேண்டும் என்று இசக்கிராஜைக் கேட்டாள். அவன் உடனே தரவில்லை. இதற்கு மேல் எந்தக் காகிதத்திலும் என் கையெழுத்து விழாது, கடையிலும் வீட்டிலும் அந்தப் பிள்ளைக்கு உரிமை என்று என்னிடம் வரக்கூடாது என்றான். நான் அதைக் கேட்கவில்லை என்றாள். பிறகு அந்த வரியை அழித்து, பாஸ்வேர்டை அடித்து, சேமித்தான். அதை ஒரு பழைய பில்லின் பின்பக்கம் எழுதியும் வைத்தான்.

"மாத்திக்கோ. அவன்ட்டச் சொல்லாத."

தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கிப் போனான்.

பொன்செல்வி முகவரியை அடித்தாள். நீலப் பட்டை வந்தது. பெயரும் பாஸ்வேர்டும் தானாக நிரம்பின. உள்ளே போனாள்.

ஒரு வயதும் ஒன்பது மாதமும். எடை, உயரம், போட்ட தடுப்பூசிகள். இடது காதை மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு. பெயர் ஜான்வி என்று இல்லத்தில் வைத்திருந்தார்கள். புகைப்படத்தில் தலை மொட்டையடித்து முடி துளிர்விட்டிருந்தது. சிரிக்கச் சொல்லி யாரோ பொம்மையை ஆட்டியிருக்க வேண்டும். பிள்ளை சிரிக்கவில்லை. படமெடுத்தவரை முறைத்துக்கொண்டிருந்தது.

பொன்செல்வி எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தாள். காதுக் குறிப்பை மூன்றாவது முறையும் படித்தாள். பிறகு குழந்தையைக் குறித்துவைக்கும் பொத்தானை அழுத்தினாள். உறுதியா என்று கேட்டது. உறுதி என்று அழுத்தினாள். மணி மூன்று பதினாறு.

ஐந்து மணிக்குத் தத்து விஷயங்களைப் பார்க்கும் பிரேமலதா மேடம் அழைத்தார். இந்த முறை நேரத்துக்குள் வந்துவிட்டீர்கள் என்று சந்தோஷப்பட்டார். வருகிற இருபத்தொன்றாம் தேதி, திங்கட்கிழமை, நாசிக்கில் இருக்கும் இல்லத்துக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து வர வேண்டும், குழந்தையைப் பார்க்க வேண்டும், அங்கே இருவரும் கையெழுத்திட வேண்டும் என்றார். ஒருவர் மட்டும் வந்தால் என்று பொன்செல்வி கேட்டாள். விண்ணப்பம் இருவர் பேரிலும் இருக்கிறது, ஒருவர் மட்டும் வந்தால் அதோடு நின்றுவிடும் என்றார். ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். பொன்செல்வி இல்லை என்று சொல்ல வாயெடுத்து, பிறகு சொல்லவில்லை. நாளை அழைக்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

மகேஷ்குமார் ஏழே முக்காலுக்கு வந்தான். குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு உள்ளே வந்தான். அம்மா தலை திருப்பவில்லை. நேரே படுக்கையறைக்குப் போனான். பொன்செல்வி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

அவன் நிறையப் பேசினான். கம்பெனியில் ஐடி ஆள் இப்படிச் செய்ததைப் பார்த்ததாகச் சொன்னான். ஒரு மாதத்துக்கு மட்டும் என்றுதான் நினைத்ததாகவும், ஏப்ரலில் அவள் அழுததைப் பார்த்து எடுத்துவிட நினைத்ததாகவும், எடுத்தால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும் என்று பயந்ததாகவும் சொன்னான். ஒருபக்கம் அம்மா, ஒருபக்கம் அவள், நடுவில் தான் என்றான். அவள் கையைப் பிடிக்க வந்தான். அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம்னு என்ட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"உன் மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்ல?"

"அதான் ரெண்டு நாளு என் பக்கத்துலயே உக்காந்து, வராதுன்னு தெரிஞ்ச பக்கத்தத் தட்டிக்கிட்டு இருந்தீயளா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"இருவத்தொண்ணாந்தேதி நாசிக்கு போகணும். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். வருவீயளா, மாட்டீயளா? பாக்கேன், யோசிக்கேன்னு சொல்லாதீய. என்னையப் பாத்துச் சொல்லுங்க."

அவன் தலை தூக்கினான்.

"வரமாட்டேன்."

கல்யாணமாகி ஏழு வருடத்தில் அவன் அவளிடம் சொன்ன முதல் மறுப்பு அது. அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். நெஞ்சில் அடித்தது, ஆனாலும் ஏப்ரலைப் போல இல்லை. எழுந்து அவனுடைய தலையணையையும் போர்வையையும் எடுத்து அவன் கையில் கொடுத்தாள். இருபத்தொன்றாம் தேதி வரைக்கும் நீங்கள் இந்த அறையில் படுக்க வேண்டாம் என்றாள். கதவை உள்ளே தாழிட்டாள்.

தலையணையோடு அவன் ஹாலுக்கு வந்தான். அங்கே ஒரு பாய் விரிக்கத்தான் இடம். பல வருடமாக அது அன்னத்தாயின் இடம். அவள் பாயை விரித்து, நடுவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மகன் சுவரோரமாகப் போர்வையைப் போடப் போனான்.

"இங்கன இடமில்ல" என்றாள் அன்னத்தாய்.

அவன் அவளைப் பார்த்தான். அவள் காலை மடக்கவில்லை.

"அவளுக்குச் செஞ்சது அவளோட போவட்டும். அத அவ பாத்துக்கிடுவா. ஏழு வருசம் நான் ஒரு பொட்டச்சிய ஊரு முன்னால வச்சு மலடின்னேன். என்னைய அப்படிச் சொல்ல வச்சது நீ. போ, எங்கயாவது போய்ப் படு."

கையில் தலையணையோடு மகேஷ்குமார் தாழிட்ட கதவைப் பார்த்தான். பிறகு வாசல் கதவைப் பார்த்தான். மழை இன்னும் விடவில்லை.